தள்ளுவண்டி, மெஸ், பரோட்டாக் கடை: உங்கள் நினைவில் நிற்கும் கைப்பக்குவம் எது?

வைகைக்கரை

எல்லாருக்கும் வணக்கம். புதிதாகத் திறக்கிற ஓட்டல்களைப் பற்றி இங்கே நிறையப் பேசியாகிவிட்டது. இந்த இழையைப் பழைய கடைகளுக்கென்று வைத்துக்கொள்வோம். கையேந்தி பவன், பெஞ்சு போட்ட மெஸ், பஸ் ஸ்டாண்டு டீக்கடை, சைக்கிளில் வந்த வியாபாரி, எதுவானாலும் சரி. ஒரே ஒரு வேண்டுகோள். ‘அந்த ருசியே தனி’ என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். அவர் என்ன போட்டார், எப்படிக் கிண்டினார், எந்த நேரத்துக்குக் கடை விரித்தார் என்று நினைவிருக்கிற வரைக்கும் எழுதுங்கள். தள்ளுவண்டிக்காரரின் பக்குவம் எந்தப் புத்தகத்திலும் ஏறுவதில்லை. அவரோடு போய்விடுகிறது.

நானே ஆரம்பிக்கிறேன். மதுரை என்றதும் எல்லாரும் ஜிகர்தண்டா என்பார்கள். சுண்டக் காய்ச்சிய பால், கடல்பாசி, நன்னாரி சர்பத், மேலே ஐஸ்கிரீம். விளக்குத்தூண் பக்கம் போனால் நானும் குடிக்காமல் வர மாட்டேன். ஆனால் ஊர் நினைப்பு வந்தால் எனக்கு முதலில் தொண்டையில் இறங்குவது பருத்திப்பால்தான். அதற்கு ஜிகர்தண்டா அளவுக்குப் பெயர் கிடைக்காததில் எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

பருத்திக்கொட்டையை முதல் நாளே ஊறப்போட வேண்டும். மறுநாள் ஆட்டி, துணியில் கட்டிப் பிழிந்து பால் எடுப்பார்கள். ஒரு தடவை பிழிந்தால் போதாது. மறுபடி தண்ணீர் விட்டு ஆட்டிப் பிழிந்தால்தான் கொட்டையில் இருப்பது முழுக்க இறங்கும். அதைக் கொதிக்க விட்டு, கொஞ்சம் அரிசிமாவு கரைத்து ஊற்றி, வெல்லப்பாகு, சுக்கு, ஏலக்காய் சேர்ப்பார்கள். எங்கள் தெருவுக்கு வந்தவர் கிளாஸின் அடியில் தேங்காய்த் துருவலைப் போட்டு அதன்மேல் கொதிக்கக் கொதிக்க ஊற்றுவார். குடித்து முடித்த பிறகு வெல்லத்தில் ஊறிய தேங்காய் அடியில் தங்கியிருக்கும். அதை வழித்துத் தின்னத்தான் நாங்கள் அவசர அவசரமாகக் குடித்தோம். மார்கழியில் சளி பிடித்த பிள்ளைகளுக்கு வீட்டுப் பெரியவர்களே காசு கொடுத்து அனுப்புவார்கள்.

திருவல்லிக்கேணி மேன்ஷன்

நல்ல இழை அண்ணா. தொண்ணூறுகளில் வேலை தேடி மெட்ராஸ் வந்து திருவல்லிக்கேணி மேன்ஷனில் ரூம் எடுத்துத் தங்கியவர்களில் நானும் ஒருவன். எங்கள் சாப்பாடு மாதத் தேதியைப் பொறுத்து மாறும். சம்பளம் வந்த வாரத்தில் ரத்னா கபே. 1948-இல் இருந்து நடக்கிற கடை அது. அங்கே இட்லி தட்டில் வந்ததும் பின்னாலேயே ஒருவர் சாம்பார் ஜக்கோடு வருவார். இட்லி மூழ்கும் வரை ஊற்றுவார். தீரத் தீர மறுபடியும் ஊற்றுவார். இட்லியைச் சாம்பாரில் தொட்டுத் தின்பது வேறு, சாம்பாரில் ஊறிய இட்லியைக் கரண்டியால் எடுத்துத் தின்பது வேறு என்பதை நான் கற்றுக்கொண்ட இடம் அது.

மாதக் கடைசியில் மெரினா. காற்று வாங்கப் போகிறோம் என்று சொல்லிக்கொள்வோம், இரவுச் சாப்பாட்டையே சுண்டலில் முடித்துக்கொள்வோம். ‘தேங்கா மாங்கா பட்டாணி சுண்டல்’ என்ற குரலை எல்லாரும் கேட்டிருப்பீர்கள். அதில் கஷ்டமான வேலை பட்டாணியின் பதம். ராத்திரி முழுக்க ஊறிய பட்டாணி உள்ளே மாவாக வெந்திருக்க வேண்டும், தோல் மட்டும் கழன்றுவிடக் கூடாது. கொஞ்சம் கூடினால் கூழ், குறைந்தால் பல்லில் கடகட. பக்கெட் தூக்கி வந்த பையன்களின் வீட்டில் யாரோ ஓர் அம்மா தினமும் அந்தப் பதத்தைப் பிசகாமல் பிடித்திருக்கிறார். அவரை நாங்கள் பார்த்ததே இல்லை.

செம்பருத்தி

நீங்கள் எல்லாரும் எழுதுகிற கடைகளுக்குள் நான் போனதில்லை. தஞ்சாவூர்ப் பக்கம் எங்கள் ஊரில் எண்பதுகளில் ஒரு பெண் பரோட்டாக் கடை பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. எங்களுக்குக் கடைச் சாப்பாடு என்றாலே பொட்டலம்தான். அப்பா இரண்டாம் ஆட்டம் பார்த்துவிட்டு வரும்போது வாங்கி வருவார். மேலே செய்தித்தாள், உள்ளே வாழையிலை, சுற்றிலும் வெள்ளை நூல். சூட்டில் இலை வதங்கிக் கறுத்து, அந்த இலை வாசம் பரோட்டாவில் ஏறியிருக்கும். தூக்கத்தில் எழுப்பி வாயில் ஊட்டிவிட்ட நாட்களும் உண்டு. கடையில் சுடச்சுடச் சாப்பிட்டவர்களுக்கு அந்த இலை வாசம் தெரியாது. அது எங்கள் பங்கு.

ஆனால் பெண்கள் நடத்திய கடைகளைப் பற்றி யாரும் இன்னும் எழுதவில்லையே! எங்கள் தெருவில் திண்ணையில் இட்லிக்கடை போட்டிருந்தார் ஒரு அப்பாயி. போர்டு கிடையாது. விடியும் முன்னே விறகடுப்பு மூட்டுவார். தட்டுக் குழியில் ஈரத்துணி விரித்து மாவு ஊற்றுவார். வெந்ததும் துணியோடு கவிழ்த்து, மேலே லேசாகத் தண்ணீர் தெளித்து, ஒரு ஓரத்தில் இருந்து துணியை உரிப்பார். இட்லியின் முதுகில் துணியின் நெசவு அப்படியே பதிந்திருக்கும். எண்ணெய் தடவிய தட்டில் வேகும் இட்லியில் அந்த மென்மை வராது. சட்னியில் தேங்காய் கொஞ்சம், பொட்டுக்கடலை நிறைய. காரச் சட்னிக்கு மட்டும் அம்மி. சாம்பாருக்கு நாங்கள்தான் தூக்குவாளி கொண்டுபோக வேண்டும். கணக்குச் சுவரில் கரிக்கோடாக இருக்கும். கணவர் இறந்த பிறகு அந்த அடுப்பை வைத்துத்தான் மூன்று பிள்ளைகளைப் படிக்க வைத்தார். திண்ணை இட்லிக்கடை, ஆப்பக்கடை, பணியாரக் கடை என்று தேடினால் பெரும்பாலும் இப்படி ஒரு பெண்தான் இருப்பார்.

வைகைக்கரை

செம்பருத்தி அக்கா, இந்தத் துணி இட்லி விஷயத்துக்காகவே இழை தொடங்கியது வீண் போகவில்லை. மதுரையில் ராத்திரி பன்னிரண்டு மணிக்கும் தெருவில் இட்லி கிடைக்கும். அந்த அடுப்புகளுக்குப் பின்னாலும் அம்மாக்கள்தான்.

சால்னா வாளி

எங்க அப்பா பரோட்டா மாஸ்டர். விருதுநகர். நானும் பள்ளிக்கூடம் விட்டதும் கல்லுக்குப் பக்கத்தில் நின்று வளர்ந்தவன். இங்கே கேட்டிருப்பதால் தெரிந்ததை எழுதுகிறேன்.

பரோட்டாவில் பாதி வேலை பிசைவதிலேயே முடிந்துவிடும். மைதா, உப்பு, துளி சர்க்கரை, எண்ணெய், தண்ணீர். அப்பா மதியமே பிசைந்து, எண்ணெய் தடவி, ஈரத்துணி போட்டு மூடிவிடுவார். மாவு ஓய்வெடுக்காவிட்டால் வீசும்போது கிழியும், அல்லது ரப்பர் மாதிரி சுருங்கித் திரும்பும். உருண்டை பிடித்த பிறகு மறுபடி எண்ணெயில் ஊறணும். அப்புறம்தான் வீச்சு. பின்னால் இருக்கிற மேஜைக்கல் தெரிகிற அளவுக்கு மெல்லியதாக விரிந்ததும், காற்றைப் பிடித்து மடித்து, கயிறாக இழுத்துச் சுருட்டி வைப்பார். கல்லில் இருந்து எடுத்ததும் நாலைந்தை அடுக்கி, இரண்டு கையாலும் பக்கவாட்டில் இருந்து அடிப்பார். அந்த அடி விழுந்தால்தான் அடுக்கு அடுக்காகப் பிரியும். சூடு ஆறுவதற்குள் அடிக்கணும். உள்ளங்கை காய்த்துப்போவது அதனால்தான்.

எங்க ஊர் எண்ணெய் பரோட்டாவுக்குக் கல்லே வேறு. நடுவில் பள்ளமாக இருக்கும், எண்ணெய் நிற்கும், பரோட்டா அதில் கிடந்து பொரியும். ஓரம் மொறுமொறு, நடுவில் மெத்து. அதைப் பிய்த்துப் போட்டுச் சால்னா ஊற்றி ஒரு நிமிஷம் விட்டுத்தான் சாப்பிடணும்.

சால்னா ஏன் தண்ணியாக இருக்கிறது என்று பலர் குறை சொல்வார்கள். கெட்டியாக வைத்தால் அது பரோட்டா மேலேயே உட்கார்ந்துகொள்ளும், அடுக்குக்குள் இறங்காது. நீர்க்க இருக்கணும், ஆனால் சாரம் இருக்கணும். அப்பா மதியம் மூன்று மணிக்கு எலும்பைப் போட்டுவிடுவார். சோம்பு, பட்டை, கசகசா, தேங்காய் அரைத்த விழுது அப்புறம்தான் சேரும். சாயங்காலம் ஏழு மணிக்குக் கடை களை கட்டும்போது அது நாலு மணி நேரம் கொதித்திருக்கும். மேலே மிதக்கிற சிவப்பு எண்ணெயை ஒதுக்கிவிட்டு அடியில் இருந்து மொண்டு ஊற்றுவார். வேண்டியவர் வந்தால் மேலெண்ணெயும் ஒரு கரண்டி விழும். பத்து மணிக்கு மேல் கொத்து. அந்தத் தாளம் தெருமுனை வரைக்கும் கேட்கும். கடையில் இன்னும் மாவு இருக்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம்.

இதை எல்லாரும் ஆசையாகப் பேசுகிறீர்கள், எனக்கும் பெருமைதான். கூடவே இதையும் சொல்லிவிடுகிறேன். ஐம்பது வயதுக்கு மேல் அப்பாவால் வலது கையைத் தோளுக்கு மேலே தூக்க முடியவில்லை. கல்லின் அனல் பட்டு முழங்கை வரை முடி இருக்காது. என்னை அந்தக் கல்லுக்கு முன்னால் நிற்க விடவே மாட்டார்.

முகப்பேர் கிழக்கு

சால்னா வாளி சார், உங்கள் அப்பாவின் உழைப்புக்கு வணக்கம். ஆனாலும் ஒன்று கேட்க வேண்டும். மீண்டும் மீண்டும் காய்ந்த எண்ணெய், அச்சு மை ஒட்டிய செய்தித்தாள், ஒரே பக்கெட்டில் அலசிய தட்டு. இதையெல்லாம் விட்டுவிட்டு ருசியை மட்டும் பேசினால் பாதிக் கதைதான். தவிர, பசி ருசி அறியாது. இருபது வயதுப் பசிக்கு எது கிடைத்தாலும் அமிர்தம். இன்று அதே கடை இருந்தாலும் நமக்கு அந்த ருசி கிடைக்காது என்பது என் அபிப்பிராயம்.

சால்னா வாளி

எண்ணெய் பற்றி நீங்கள் சொல்வது சரி. 2018 ஜூலையில் இருந்து, பொரித்த எண்ணெயில் போலார் சேர்மங்கள் (எண்ணெய் திரும்பத் திரும்பக் காயும்போது சேருகிற கழிவு) 25 சதவீதத்தைத் தாண்டினால் அதைச் சமையலுக்குப் பயன்படுத்தக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் விதி போட்டிருக்கிறது. வரவேற்கிறேன். 2019 ஜனவரியில் தமிழ்நாட்டில் பிளாஸ்டிக் தடை வந்ததும் நல்லதுக்குத்தான். கொதிக்கிற சால்னாவை மெல்லிசுக் கவரில் கட்டிக் கொடுத்தபோதெல்லாம் எனக்குள் ஒரு பயம் இருக்கும். தூக்குவாளி திரும்பி வரட்டும்.

ஆனால் பசி விஷயத்தில் உங்களோடு ஒத்துப்போக முடியாது. பசிதான் காரணம் என்றால், பசித்தபோது சாப்பிட்ட அத்தனை கடையும் நினைவில் நின்றிருக்கணும். நிற்பது சில கடைகள்தானே? அவர்கள் ஏதோ ஒன்றைச் சரியாகச் செய்திருக்கிறார்கள்.

தாராவி க்ராஸ் ரோடு

நான் பம்பாய்த் தமிழன். எங்கள் பகுதியில் விடிவதற்கு முன்பே இட்லி வேகும். அலுமினியப் பாத்திரத்தில் இட்லி, வடை, இன்னொன்றில் சட்னி, சாம்பார், எல்லாவற்றையும் சைக்கிளில் கட்டிக்கொண்டு, ரப்பர் ஹாரனை அமுக்கிக்கொண்டே ஆண்கள் கிளம்புவார்கள். அந்த ‘போம் போம்’ சத்தம் கேட்டால் மராத்தி வீடுகளிலும் குஜராத்தி வீடுகளிலும் கிண்ணத்தோடு இறங்கி வருவார்கள். எங்கள் மாமா அப்படி விற்றவர்தான். காலை பதினொரு மணிக்குப் பாத்திரம் காலியாகித் திரும்பும்போது, ஊருக்கெல்லாம் இட்லி விற்ற மனிதர், தன் பசிக்கு ஸ்டேஷன் வாசலில் வடாபாவ் வாங்கித் தின்பார். ‘காலையில இருந்து இட்லி வாசனையிலேயே நிக்கிறேன்டா’ என்பார்.

வடாபாவ் அறுபதுகளில் தாதர் ஸ்டேஷன் பக்கம் தொடங்கியது என்பார்கள். மில் தொழிலாளிக்கு நின்றபடியே சாப்பிட்டுவிட்டு ஷிப்டுக்கு ஓட அதைவிடத் தோதான உணவு இல்லை. 1982-இல் பெரிய மில் ஸ்டிரைக் வந்து, வேலை போனவர்களில் பலர் வடாபாவ் வண்டி போட்டார்கள். அதில் என் உயிர் அந்தக் காய்ந்த பூண்டுச் சட்னியில்தான் இருக்கிறது. பூண்டு, கொப்பரை, மிளகாய்த்தூள் சேர்த்து இடித்த பொடி. பாவ் ரொட்டியை இரண்டாகப் பிளந்து உள்பக்கம் அழுத்தித் தேய்த்த பிறகுதான் வடையை வைப்பார்கள். கூடவே உப்புப் போட்டுப் பொரித்த பச்சை மிளகாய் ஒன்று.

பீச் ஸ்டேஷன்

என் பாட்டி ரங்கூனில் பிறந்தவர். 1964-இல் அங்கே கடைகளை எல்லாம் அரசாங்கம் எடுத்துக்கொண்ட பிறகு கப்பலில் மெட்ராஸ் வந்து இறங்கிய குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. நகையைக்கூடக் கொண்டுவர விடவில்லை என்பார். கையில் இருந்தது சமையல்தான். அப்படி வந்ததுதான் பர்மா பஜார் பக்கத்தில் செகண்ட் லைன் பீச்சில் கிடைக்கிற அத்தோ.

அத்தோ போடுவதைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். அகலமான கிண்ணத்தில் மஞ்சள் நூடுல்ஸ், முட்டைக்கோஸ், பச்சை வெங்காயம். அதன்மேல் புளித்தண்ணீர், உப்பு, மிளகாய்த்தூள், பூண்டு பொரித்த எண்ணெய், பொன்னிறமாகப் பொரித்த வெங்காயம். கடைசியில் பேஜோ என்கிற மொறுமொறு தட்டையை உள்ளங்கையில் நொறுக்கித் தூவுவார். கரண்டி கிடையாது, கையாலேயே பிசைவார். விரலில்தான் உப்பும் புளியும் தெரியும் என்று பாட்டி சொல்வார். பக்கத்தில் வாழைத்தண்டு சூப். அவித்த முட்டையைக் கீறி, உள்ளே பொரித்த வெங்காயமும் புளித்தண்ணீரும் விட்டுக் கொடுப்பார்கள். அப்படியே வாயில் போட்டுக்கொள்ள வேண்டும். அந்த நாட்டில் இருந்து துரத்தப்பட்டவர்கள் அந்த நாட்டின் ருசியை மெட்ராஸ் பிளாட்பாரத்தில் அறுபது வருஷமாகக் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். பாட்டி கடைசி வரை வாரம் ஒருமுறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

ஓமலூர் ரோடு

சேலத்துக்காரங்க யாரும் இல்லையா? தட்டுவடை செட்டைச் சொல்லாமல் எப்படி! சின்னத் தட்டுவடை ஒன்றின் மேல் காரச் சட்னி, புதினா கொத்தமல்லிச் சட்னி, அதுக்கு மேல் துருவின பீட்ரூட், கேரட், வெங்காயம், அதை இன்னொரு தட்டுவடையால் மூடி அப்படியே முழுசாக வாய்க்குள். பாதி கடித்தால் சிதறிடும். சட்னி தடவியதும் தின்றுவிடணும், நமுத்துப்போனால் போச்சு. அதனால் இதைப் பார்சல் வாங்குவதில் அர்த்தமே இல்லை. டியூஷன் முடிந்து நாங்கள் தோழிகள் எல்லாம் வண்டியைச் சுற்றி நிற்போம். செம்பருத்தி அக்கா சொன்ன மாதிரி பெஞ்சுக் கடையில் எங்களுக்கும் இடம் இல்லை. செட்டு வண்டி முன்னால் மட்டும் யாரும் எதுவும் சொன்னதில்லை.

சிறுவாணி

எங்க கோயமுத்தூர்க் காளானையும் சேர்த்துக்கோங்க. முட்டைக்கோஸும் காளானும் போட்டுப் பொரித்த பக்கோடாவைப் பெரிய கல்லில் கொத்தி, மசாலாக் குழம்பில் கொதிக்க விட்டு, வெங்காயமும் மல்லித்தழையும் தூவித் தருவாங்க. மழை தூறும்போது சாப்பிடணுங்க, அவ்வளவுதான்.

எனக்கு மனசு கனத்துப்போன விஷயம் வேற. எங்க பக்கம் ரோட்டை அகலப்படுத்தினபோது வரிசையா இருந்த வண்டிகளை ஒரே காலையில் எடுத்துட்டாங்க. அப்புறம்தான் தெரிஞ்சுது, 2014-இல் தெருவோர வியாபாரிகளுக்குன்னு ஒரு மத்தியச் சட்டமே இருக்குதுன்னு. கணக்கெடுத்துச் சான்றிதழ் கொடுத்து முடிக்கும் வரை யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது, நகர வியாபாரக் குழுவில் 40 சதவீதத்துக்குக் குறையாமல் வியாபாரிகளே இருக்கணும், அதில் மூணில் ஒருத்தர் பெண்ணாக இருக்கணும். அந்தக் காளான் கடை அண்ணனுக்கு அது தெரியாதுங்க. எங்களுக்கும் தெரியலை. உங்க ஊரில் பழகின வண்டிக்காரர் இருந்தால், சான்றிதழ் வாங்கியாச்சான்னு கேட்டு வைங்க.

பழைய மவுண்ட் ரோடு

நான் இங்கே வயதில் மூத்தவனாக இருப்பேன் என்று நினைக்கிறேன். கதீட்ரல் ரோட்டில் உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் இருந்ததே, நினைவிருக்கிறதா? 1962-இல் தொடங்கி 2008-இல் மூடினார்கள். இப்போது அங்கே செம்மொழிப் பூங்கா. கார்க்கதவில் தட்டை மாட்டிவிட்டுப் போவார்கள். எங்களிடம் கார் இல்லை. சைக்கிளில் போய் உள்ளே உட்கார்ந்து, ஒரு காப்பியை வைத்துக்கொண்டு மரநிழலில் மணிக்கணக்காகப் பேசிக்கொண்டிருப்போம். யாரும் எழுந்து போகச் சொன்னதில்லை. மெடிக்கல் ரெப், நாடகக்காரர்கள், வேலை தேடுகிற பிள்ளைகள் என்று எல்லாருக்கும் அது ஆபீஸ் மாதிரி.

அதே மாதிரி தாராளம் இந்தியன் காபி ஹவுஸில் உண்டு. ஐம்பதுகளில் மத்திய அரசின் காபி போர்டு தன் காபி ஹவுஸ்களை மூடத் தொடங்கியபோது, கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலன் தூண்டுதலில் தொழிலாளர்களே கூட்டுறவுச் சங்கம் அமைத்து எடுத்து நடத்தினார்கள். விசிறித் தலைப்பாகை கட்டிக்கொண்டு உங்களுக்குக் காபி கொண்டுவருகிறவர்தான் அந்தக் கடையின் பங்குதாரர். திருவனந்தபுரம் தம்பானூர் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் கட்டிய கிளை இருக்கிறது. நத்தை ஓடு போலச் சுழன்று மேலே போகிற கட்டடம். ஏறிக்கொண்டே போனால் மேஜைகளும் கூடவே ஏறும். அங்கே மசால் தோசைக்குள் பீட்ரூட் மசாலா. முதல் தடவை அந்தச் சிவப்பைப் பார்த்ததும் திகைத்தேன். இப்போது உருளைக்கிழங்கு மசாலா எனக்குச் சப்பென்று இருக்கிறது.

முகப்பேர் கிழக்கு

பெரியவர் எழுதியதைப் படித்த பிறகு ஒன்று தோன்றுகிறது. யாரும் விரட்டாமல் உட்கார விட்டார்கள் என்பதும் ருசியில் சேர்த்திதான் போலிருக்கிறது. இப்போது சாப்பிட்டு முடிப்பதற்குள் பில் மேஜைக்கு வந்துவிடுகிறது. சுத்தம் பற்றி நான் சொன்னதில் மாற்றமில்லை. சால்னா வாளி சார் கேட்ட கேள்விக்கு மட்டும் என்னிடம் பதில் இல்லை.

நெல்லைச்சீமை

அண்ணாச்சிமாரே, அல்வாவைக் கிலோக் கணக்கில் டப்பாவில் வாங்கிப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நெல்லையப்பர் கோயிலுக்கு எதிரே சாயங்காலம் வரிசையில் நின்று நூறு கிராம் மட்டும் சூடாக இலைத்துண்டில் வாங்குங்கள். அங்கேயே நின்று, கையில் நெய் வடிய வடியத் தின்னுங்கள். வாய் திகட்டினதும் ஒரு பிடி மிக்சரை அள்ளிப் போட்டுக்கொள்ளுங்கள். சம்பா கோதுமையை ஊறவைத்து ஆட்டிப் பாலெடுத்து, கை ஓயக் கிண்டினது அது. ஆறினால் அது வேறு பண்டம்.

ஓமலூர் ரோடு

பீச் ஸ்டேஷன் அண்ணா, அடுத்த வாரம் சென்னை வருகிறேன், அம்மாவும் கூட வருகிறார். அத்தோ சாப்பிட எத்தனை மணிக்குப் போகலாம்? சைவம் கிடைக்குமா?

பீச் ஸ்டேஷன்

தாராளமாக வாங்க. பீச் ஸ்டேஷனில் இறங்கி ரோட்டைத் தாண்டினால் பர்மா பஜார், அதுக்குப் பின்பக்கத் தெருதான். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் போனால் எல்லா வண்டியும் விரித்திருப்பார்கள். முட்டை இல்லாமல் போடச் சொல்லுங்கள், போட்டுத் தருவார்கள். சூப்பில் மட்டும் மீன் சேர்க்கிற கடைகள் உண்டு, கேட்டுவிட்டு வாங்குங்கள். அம்மாவுக்குக் காரம் ஆகாது என்றால் மிளகாய்த்தூளை முதலிலேயே குறைக்கச் சொல்லணும், பிசைந்த பிறகு ஒன்றும் செய்ய முடியாது. பேஜோ கொஞ்சம் கூடுதலாகக் கேளுங்கள்.